ரிலீஸ் தொகை என்றால் என்ன? கட்டிவிட்டால் கிளப் வீரரை விட்டே ஆக வேண்டுமா?

கால்பந்து வீரரின் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்த விலைதான் ரிலீஸ் தொகை. வேறொரு கிளப் அதை முழுசாகக் கட்டிவிட்டால், இப்போதைய கிளப் "தரமாட்டோம்" என்று மறுக்க முடியாது.

ஏன் இப்படி? பெரிய வாய்ப்பு வந்தால் வீரருக்கு வழி இருக்க வேண்டும். கிளப்புக்கோ ஆள் அடிமாட்டு விலைக்குப் போய்விடக் கூடாது. ஸ்பெயினில் இது சகஜம். ஆளை விட மனமில்லாத கிளப், தொகையை எட்டாத உயரத்தில் வைக்கும். பிரேசில் வீரர் நெய்மருக்கு ஸ்பெயினின் பார்சிலோனா கிளப் வைத்தது 22.2 கோடி யூரோ. 2017 ஆகஸ்டில் பாரிஸ் கிளப் அதற்கும் வழி செய்தது. பார்சிலோனாவால் தடுக்க முடியவில்லை.

எங்கள் கோத்தகிரிப் பக்கம் ஒருவர் தேயிலைத் தோட்டத்தை ஐந்து வருஷக் குத்தகைக்கு எடுக்கிறார் என்று வையுங்கள். "நடுவில் வேறொருவர் இன்ன தொகை கொடுத்தால் குத்தகைக்காரர் விலகிக்கொள்ள வேண்டும்" என்று பத்திரத்தில் ஒரு வரி. மழை பெய்து கொழுந்து பசேலென்று நிற்கும் நேரமாக இருந்தாலும் சரி, பணம் கைக்கு வந்துவிட்டால் கூடையை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

அப்புறம், ரிலீஸ் தொகை கட்டி ஒரு வீரரைத் தூக்கப் போகிறார்கள் என்ற வதந்தியை நம்புமுன் அவர் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் எல்லாருக்கும் இருக்காது.

தொகையைக் கட்டினாலே வீரர் வந்துவிடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சம்பளம் பேசி அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.