22 வருட சேவைக்குப் பிறகு கேட்டில் நிற்கிற வேலைதானா?

கேள்வி: எனக்கு 43 வயது. சொந்த இடம் கொம்பனித்தெரு. 2002இல் இராணுவத்தில் சேர்ந்து, மின், இயந்திரப் பொறியியல் படைப்பிரிவில் வாகன மெக்கானிக்காக 22 வருடம் இருந்தேன். சார்ஜனாக ஓய்வு பெற்றேன். கடைசிக் காலத்தில் ஒரு வேர்க்ஷொப் முழுக்க என் பொறுப்பில் இருந்தது. பென்ஷன் வருகிறது, ஆனால் வாடகைக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் போதவில்லை. பல இடங்களுக்கு சி.வி. அனுப்பினேன். கூப்பிட்டதெல்லாம் செக்கியூரிட்டி கம்பனிகள். ஒன்றில் சுப்பர்வைசர் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். ஆமியில் இருந்ததை மறைத்தால் வேறு வேலை கிடைக்கும் என்கிறார் மச்சான். கூட இருந்த ஒருவர் வெளிநாட்டுக்கு வா என்கிறார். என்ன செய்யலாம்? சி.வி.யையும், அதை அனுப்பிய இடங்களின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.
– வாசகர், கொழும்பு 2

பதில்: சகோதரரே, சி.வி.யை அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. பிரச்சினையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

முதல் பக்கம் முழுக்கப் படைப்பிரிவின் பெயர், படை இலக்கம், பதவி உயர்வு கிடைத்த திகதிகள், பதக்கங்கள், அப்புறம் பள்ளிக்கூட கிரிக்கெட் அணி. 22 வருடம் கையால் செய்த வேலை இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியில் கிடக்கிறது: ‘வாகனப் பராமரிப்புக் கடமைகள்’. லொறிக் கம்பனி மனேஜர் ஒருவர் காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே இதைப் புரட்டினால் என்ன நினைப்பார்? ‘ஆமிக்காரர், ஒழுங்கான ஆள், கேட்டில் போடலாம்.’ அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதைத்தான் அவர் வாசித்திருக்கிறார்.

புதிதாக எழுதுங்கள். எந்தெந்த வாகனம், எந்த எஞ்சின், என்ன கோளாறு, உங்களுக்குக் கீழே எத்தனை பேர், மாதத்துக்கு எத்தனை வண்டி உள்ளே வந்து திருந்திப் போனது என்று ஒரு கொப்பியில் முதலில் கொட்டுங்கள். பிறகு அதிலிருந்து பொறுக்குங்கள். ‘டீசல் எஞ்சின் முழு ஓவர்ஹோல். கியர்பொக்ஸ், எயார் பிரேக், ஹைட்ரோலிக் வேலைகள். ஜெனரேட்டர் பராமரிப்பு. இத்தனை மெக்கானிக்குகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்வை. உதிரிப்பாகக் களஞ்சியக் கணக்கு.’ இப்படி முதல் பக்கத்தின் முதல் பாதியிலேயே வர வேண்டும். கண்ணிவெடியைத் தாங்கும் யூனிபஃபல் வண்டியை உள்நாட்டிலேயே கட்டிய பிரிவு உங்களுடையது. அந்த வேலையில் கை வைத்திருந்தால் அதை வெல்டிங், வண்டியின் பொடி வேலை என்று பிரித்து எழுதுங்கள். பதக்கங்களுக்குக் கடைசியில் ஒரு வரி போதும். கிரிக்கெட்டை விட்டுவிடலாம்.

அடுத்தது, கையில் இருக்கும் தொழிலுக்கு ஒரு சிவில் சான்றிதழ். என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) என்றதும் பொடியன்களோடு வகுப்பில் உட்கார வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். ஆர்.பி.எல். என்று ஒரு முறை இருக்கிறது. ஏற்கனவே வேலை தெரிந்தவரை அவருடைய அனுபவத்தை வைத்து, வேலையைச் செய்து காட்டச் சொல்லி மதிப்பிட்டு, அதற்குரிய மட்டத்தில் சான்றிதழ் தருவார்கள். நைட்டாவில், அதாவது அரசின் தொழில் பயிலுனர் பயிற்சி அதிகார சபையில், இதைச் செய்கிறார்கள். நாரஹேன்பிட்டி நிபுணதா பியச கட்டடத்தில் இருக்கும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிலும் விசாரிக்கலாம். வாகன மெக்கானிக் தொழிலில் 4ஆம் மட்டத்தைக் குறி வையுங்கள். முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி என்பதற்கான மட்டம் அதுதான். இராணுவத்தில் செய்த பயிற்சிகளின் சான்றிதழ்கள், ட்ரேட் டெஸ்ட் பெறுபேறுகள், சேவையிலிருந்து விலகிய பத்திரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போங்கள். சில பயிற்சிகளுக்கு அப்போதே என்.வி.கியூ. கொடுத்திருப்பார்கள். வாங்கியவர்களே அதை அலுமாரியில் போட்டு மறந்திருப்பார்கள். தேடிப் பாருங்கள்.

எங்கே விண்ணப்பிப்பது? உங்கள் பட்டியலில் இருப்பதெல்லாம் கார் கராஜ்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. இன்றைய கார் கராஜில் வேலை பாதி ஹைபிரிட் பற்றரியும் ஸ்கேனரும்தான். அதை உங்களைவிட 24 வயதுப் பையன் வேகமாகச் செய்வான், அவனுக்குச் சம்பளமும் குறைவு. உங்கள் கை பழகியது பெரிய டீசல் வண்டிகளில். ஒருகொடவத்தை, பேலியகொடை, வத்தளைப் பக்கம் கொள்கலன் லொறி ஓட்டும் கம்பனிகள், சீமெந்து, குளிர்பான விநியோகக் கம்பனிகள், பஸ் முதலாளிமார், கட்டட வேலைக்கு பெக்கோ வாடகைக்குக் கொடுப்பவர்கள், இவர்களைப் போய்ப் பாருங்கள். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இத்தனை வருடமும் இருக்கிற வண்டியைத் திருத்தித் திருத்தியே ஓடியிருக்கிறார்கள், திறந்த பிறகும் புதுசின் விலை கையைக் கடிக்கிறது. பழைய லொறியைச் சாகவிடாமல் வைத்திருக்கத் தெரிந்தவருக்கு இப்போது மவுசு உண்டு. இந்த வேலைகள் பேப்பர் விளம்பரத்தில் அதிகம் வராது. பஞ்சிகாவத்தையில் உங்களுக்குப் பழக்கமான இரண்டு ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். எந்தக் கம்பனியில் மெக்கானிக் பாஸ் விலகிப்போனார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

ஒன்றை மட்டும் நீங்கள் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். படையில் உதிரிப்பாகம் களஞ்சியத்திலிருந்து வந்தது, அது என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை. வெளியே முதல் கேள்வியே அதுதான். ‘ஒரிஜினல் போட்டால் எவ்வளவு, சைனா போட்டால் எவ்வளவு, ரீகண்டிஷன் தாங்குமா, வண்டி நாளைக்கு ஓடுமா?’ நேர்முகத்தில் ஒரு கிளட்ச் வேலைக்கு மதிப்பீடு சொல்லச் சொன்னால் திணறக்கூடாது. போவதற்கு முன் கடைகளில் ஏறி இறங்கி நாலைந்து முக்கியமான பாகங்களின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளி உங்கள் தம்பி வயதில் இருப்பார், கீழே வேலை செய்பவன் போனைப் பார்த்துக்கொண்டே ‘செய்வோம் நானா’ என்பான். அதைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொண்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

மச்சான் சொன்ன விஷயம். மறைக்காதீர்கள். 43 வயதுக்காரரின் சி.வி.யில் 22 வருடம் வெறுமையாக இருந்தால் சிறையா, வெளிநாடா என்று கேள்வி வரும். பொய் சொல்லிச் சேர்ந்தால் அது வெளியே வரும் நாளை எண்ணிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். ஆனால் மச்சான் எதை நினைத்துச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்குகிறது. ஆமி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் இறுகிப்போகிற குடும்பங்கள் தமிழ் பேசும் மக்களிடையே நிறைய. அந்த இறுக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. இந்தப் பகுதியை வாசிக்கிறவர்களிலும் அவர்கள் இருப்பார்கள். அப்படி ஒரு முதலாளி ‘நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்டால், இருந்த முகாமையும் செய்த வேலையையும் உள்ளபடி சொல்லுங்கள். போரைப் பற்றி வாதாடப் போகாதீர்கள். அவர் வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை, எழுந்து வந்துவிடுங்கள்.

செக்கியூரிட்டி சுப்பர்வைசர் வேலை கேவலமில்லை. ஆனால் அங்கே வரிசை நீளப் போகிறது. 2030க்குள் இராணுவத்தின் ஆட்பலத்தை ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியிலேயே பாதுகாப்பு அமைச்சு அறிவித்துவிட்டது. உங்களைப் போல வெளியே வருகிற எல்லாரும் முதலில் தட்டுகிற கதவு அது. பணமுடை இருந்தால் இப்போதைக்குச் சேருங்கள், என்.வி.கியூ. கைக்கு வரும் வரைக்கும். ஷிஃப்ட் எத்தனை மணித்தியாலம், ஓவர்டைம் எப்படி, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எந்தத் தொகைக்குக் கட்டுகிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலாளி 12 வீதம், நீங்கள் 8 வீதம், அதற்கு மேல் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முதலாளியின் கையிலிருந்து. பென்ஷன்காரர்தானே, இதெல்லாம் எதற்கு என்று சொல்கிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

வெளிநாடு என்று கூப்பிடும் நண்பரிடம் எந்த நாடு, என்ன வேலை, எந்த முகவர் என்று கேட்டீர்களா? கடிதத்தில் ஒன்றுமே இல்லை. ரஷ்ய–உக்ரைன் போருக்கு நமது முன்னாள் படையினரை ‘உதவி வேலை’ என்று சொல்லிக் கூட்டிப்போய் முன்னரங்கில் நிறுத்திய கதை 2024இல் நாடே அறிந்தது. சிலர் உயிரோடு திரும்பவில்லை. அப்படிப்பட்ட ஆட்கள் தேடுவது உங்களைப் போன்றவர்களைத்தான். பயிற்சி எடுத்தவர், பணத்தேவை உள்ளவர். முகவரின் அனுமதி இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்குப் பேசிச் சரிபாருங்கள். சுற்றுலா விசாவில் போகலாம் என்று சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஓய்வின்போது மொத்தமாக வந்த பணத்தில் ஒரு ரூபாவும் முகவர் கைக்குப் போகக்கூடாது என்பதை வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. உங்களிடம் கனரக வாகன சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று சி.வி.யில் இல்லை. திருத்திய லொறியைத் தானே ஓட்டிப் பார்க்கக் கூடிய மெக்கானிக்கைத்தான் கம்பனிகள் முதலில் எடுக்கும். இருந்தால் முதல் பக்கத்தில் போடுங்கள். காலாவதியாகி இருந்தால் மருத்துவச் சான்றிதழ் எடுத்து இந்த மாதமே புதுப்பித்துவிடுங்கள்.