அட்டைப் பெட்டியிலிருந்து கணினிக்கு: தருமபுரி நூலகர் ஒருவரின் பதில்கள்

தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்குப் படிப்பென்றால் தாளில் படிப்பதுதான். ஆனாலும் கணினிப் பட்டியல், மின்னூலகம், தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் சில ஆண்டுகளாக விடாமல் கற்று வருகிறேன். அலமாரியில் தூங்கும் புத்தகம் அதைத் தேடுகிறவர் கைக்குப் போய்ச் சேர இந்தக் கருவிகள் உதவுகின்றன என்பதே காரணம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமிருந்தும் வாசகர் வட்டத்துக்கு வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அக்கா, எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் நூல் பதிவேடு முழுக்கக் கையெழுத்து. கணினியில் ஏற்றலாம் என்று இருக்கிறேன். எந்த மென்பொருள் நல்லது? (பாலக்கோடு)

தம்பி, மென்பொருளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கோஹா இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு சிறு நகர நூலகத்துக்காக எழுதி 2000-இல் வெளியிட்ட இலவச மென்பொருள், இன்று பல நாடுகளில் ஓடுகிறது. நம் நாட்டில் தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா இருக்கிறது. இரண்டுமே தமிழை ஏற்கும். எதற்குப் போனாலும் உள்ளே ஏற்றுகிற விவரம் சுத்தமாக இருந்தால்தான் பயன். அதனால் முதலில் எக்செல் தாளில் ஏற்றுங்கள்: பதிவு எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, வகைப்பாட்டு எண், அலமாரி. பிறகு அதை அப்படியே எந்த மென்பொருளுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆசிரியர் பெயரில்தான் உங்கள் பொறுமை தேவைப்படும். ஒரு புத்தகத்தில் ‘மு.வ.’ என்று இருக்கும், இன்னொன்றில் ‘மு. வரதராசன்’, மூன்றாவதில் ‘டாக்டர் மு. வரதராசனார்’. மூன்றையும் பார்த்தபடியே ஏற்றினால் கணினிக்கு அவர்கள் மூன்று பேர். ஒரு வடிவத்தை முடிவு செய்து எல்லா நூலுக்கும் அதையே போடுங்கள். மற்ற வடிவங்களுக்குப் பக்கத்தில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். புதுமைப்பித்தனுக்கு எதிரே சொ. விருத்தாசலம் என்றும் இருக்கட்டும். டாக்டர், புலவர், கலைமாமணி போன்ற பட்டங்களைப் பெயரோடு ஒட்டாதீர்கள். தலைப்பெழுத்துக்குப் பின் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

நூலைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி எண் போடுவதாக இருந்தால் தமிழ் இலக்கியம் 894.811. நம் ஊர் நூலகங்களில் பெரும்பகுதி அந்த ஒரே எண்ணில் வந்து விழும். 894.8111 கவிதை, 894.8113 கதை, நாவல் என்று பிரித்தால்தான் தேடுகிறவருக்கு வழி தெரியும். ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் அடையாள எண் இல்லாத பழைய நூல்களைத் தள்ளி வைக்காதீர்கள். அந்த எண்ணே 2007 முதல்தான் 13 இலக்கம். அதற்கு முன் 10. நம்மிடம் உள்ள பல நல்ல பதிப்புகளில் அது எந்த வடிவிலும் இருக்காது. கணினியில் ஏற்றி முடித்தபின்னும் பழைய பதிவேட்டைக் கண்ணில் படும் இடத்திலேயே வையுங்கள். இருப்புச் சரிபார்ப்பில் சந்தேகம் வந்தால் கடைசியாகப் பேசுவது அதுதான்.

கேள்வி: மேடம், எங்களிடம் பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் இருக்கிறது. வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. யூனிகோடுக்கு மாற்றினால் தேடல் சரியாகிவிடுமா? (காரிமங்கலம்)

பாதி சரியாகும். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வருகிறது. யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

மீதிப் பாதி, கண்ணுக்குத் தெரியாத பிழை. அதியமான் அவையில் இருந்த ஔவையாரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி தேடும் பெயர். ‘ஔ’ ஒரே எழுத்து. ஆனால் பலர் ‘ஒ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். கணினி ஒன்றைத் தேடினால் மற்றதைக் காட்டாது. ‘எங்களிடம் இல்லை’ என்று வாசகரைத் திருப்பி அனுப்பிவிடுவோம், புத்தகமோ அலமாரியில் இருக்கும். இதேபோல் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடிப்பது உண்டு. ‘எ’ என்ற எழுத்தும் ‘௭’ என்ற தமிழ் எண் ஏழும் குழம்பும். ‘ஸ்ரீ’ என்பதை இரண்டு விதமாக அடிக்க முடியும், பார்வைக்கு வித்தியாசமே இருக்காது. ஏற்றி முடித்ததும் இந்த நான்கையும் தனித்தனியாகத் தேடி, பிழையான இடத்தை மட்டும் பார்த்து மாற்றிவிடுங்கள். ஒரு நாள் வேலை, பல வருடத்துக்குப் பலன்.

கேள்வி: எல்லாம் கைப்பேசியில் கிடைக்கும்போது நூலகத்தில் அச்சுப் புத்தகத்துக்கு ஏன் இன்னும் இடம், செலவு? குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான். (ஓசூர், மென்பொருள் ஊழியர்)

நல்ல கேள்வி, சார். 2023 அக்டோபரில் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளானது. அவர்களுடைய முதன்மைப் பட்டியல் 2024 ஜனவரியில்தான் மீண்டும் இணையத்தில் வந்தது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் தாக்கப்பட்டு, சில நாள் முழுக்க முடங்கியது. 3 கோடிக்கும் மேற்பட்ட பயனர் கணக்குகளின் விவரம் திருடுபோனது. இரண்டுமே பணமும் திறமையும் உள்ள நிறுவனங்கள். தாளில் இருந்த புத்தகங்களுக்கு அந்த நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. அதே சமயம், புத்தகத்தைக் கண்டுபிடித்துத் தரும் பட்டியல் போனதால் வாசகர் தவித்தார்கள். இரண்டும் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. நாம் நிற்கிற மண்ணைப் பற்றிய நூல் தகடூர் யாத்திரை. அதியமானுக்கும் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் நடந்த போரைச் சொல்வது. முழு நூல் இன்று நம்மிடம் இல்லை. புறத்திரட்டு என்ற தொகை நூலிலும் நச்சினார்க்கினியர் உரையிலும் எடுத்தாளப்பட்ட பாடல்கள்தான் மிஞ்சின. யாரோ வேறு ஏட்டில் படியெடுத்து வைத்ததால் அவ்வளவாவது கிடைத்தது. எது எத்தனை இடத்தில், எத்தனை வடிவத்தில் இருக்கிறதோ அது அந்த அளவு பிழைக்கும். ஓசூரில் ஒரு பிரதி, அரூரில் ஒரு பிரதி, ஒரு மின்பிரதி. இதில் எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: பழைய தமிழ் நூல்களை முறைப்படி எங்கே இறக்கலாம்? சிலர் அனுப்புகிற பி.டி.எஃப். சட்டப்படி சரியா? (பாப்பாரப்பட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்குப் போங்கள். நாட்டுடைமை ஆன நூல்களும் பழைய இதழ்களும் பக்கப் படங்களாக இருக்கின்றன. எழுத்து வடிவில் வேண்டுமென்றால் மதுரைத் திட்டம், 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கியது, சங்க நூல் முதல் பாரதி வரை உண்டு. விக்கிமூலத்தில் அச்சுப் பக்கமும் தட்டச்சும் அருகருகே இருப்பதால் பாடபேதம் பார்க்க எனக்கு அதுதான் பிடிக்கும். ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற பெயருள்ள நிறுவனத்தின் தளம்.

சட்டக் கணக்கு எளிது. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். உங்கள் ஊரிலேயே 1925-இல் காலமான சுப்பிரமணிய சிவாவின் எழுத்து எப்போதோ பொதுவுக்கு வந்துவிட்டது. ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1972-இல் மறைந்தார். அவர் காலத்தில் வெளியான நூல்களுக்கு இந்தக் கணக்குப்படி 2032 முடியும்வரை உரிமை உண்டு. அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. இப்போது எழுதிக்கொண்டிருப்பவரின் புது நாவல் வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள், ஐயா. தமிழில் எழுதிப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: அக்கா, குரூப் 4-க்குப் படிக்கிறேன். டெலிகிராமில் வரும் குறிப்புகளை நம்பலாமா? (அரூர்)

நம்பும் முன் எந்த ஆண்டுக் குறிப்பு என்று பாரும்மா. தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்று இருந்தால் அது 2019-க்கு முந்தையது, இப்போது 38. ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருப்பதாகப் போட்டிருந்தால் 2004-க்கும் முந்தையது. பள்ளிப் பாடநூல்கள் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. புதிய பதிப்பா என்று அங்கே சரிபார், படிக்க அச்சுப் புத்தகத்தை எடு. வாசிப்பறையில் கைப்பேசியை அணைத்துவிட்டு உட்காருகிற பிள்ளைகள் தொடர்ந்து அதிக நேரம் படிப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

கேள்வி: சாட்ஜிபிடியிடம் நூல் பட்டியல் கேட்டு உங்களிடம் கொண்டு வந்தால் தேடித் தருவீர்களா? (கிருஷ்ணகிரி)

தருவேன். ஆனால் அது இல்லாத நூலையும், இருக்கும் ஆசிரியர் பெயரில் அவர் எழுதாத தலைப்பையும் சொல்வதுண்டு. ஒரு பட்டியலிலாவது, ஒரு பதிப்பகத்தின் விவரத்திலாவது அந்த நூலைப் பார்த்த பிறகு எழுதிக் கொடுங்கள். அதைவிட, எதைப் பற்றிப் படிக்க ஆசை என்று என்னிடம் நேராகச் சொல்லுங்கள், அலமாரி முன்னால் நின்று பேசிக்கொள்வோம்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. புத்தகப் பைத்தியம் அவர். கணினி படித்துக் காட்டும் என்கிறார்களே? (பென்னாகரம்)

படித்துக் காட்டும், தங்கச்சி. என்.வி.டி.ஏ. என்று ஒரு திரைவாசிப்பான் இருக்கிறது, இலவசம், தமிழும் படிக்கும். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்துச் செய்த பி.டி.எஃப்.-ஐ அதனால் படிக்க முடியாது. எழுத்தாக இருந்தால்தான் குரல் வரும். மதுரைத் திட்டம், விக்கிமூலம் இரண்டிலும் எழுத்தாகவே கிடைக்கும். படமாக மட்டும் உள்ள நூலைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும். பிழை இருக்கும், ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். இயந்திரக் குரல் முதல் வாரம் அவருக்குப் பிடிக்காமல் போகலாம். கதையை நீயே சத்தமாகப் படித்துக் காட்டு, செய்தியையும் கட்டுரையையும் இயந்திரத்திடம் விடு.

தாளை இவ்வளவு நேசிக்கிற நான் இணையக் கருவிகளுக்கு மிகவும் நன்றி சொல்வது இந்த இடத்தில்தான். அச்சுப் புத்தகம் திறக்காத கதவு இது.

கேள்வி: தாத்தாவின் புத்தகங்களில் ராமபாணம் விழுந்துவிட்டது. ஸ்கேன் செய்துவிட்டு எடைக்குப் போடலாமா? (காவேரிப்பட்டணம்)

எடைக்குப் போட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். முதலில் பூச்சி விழுந்ததை மற்றதிலிருந்து பிரியுங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து மெல்லிய தூரிகையால் தட்டி, நிழலில் காற்றாட வையுங்கள். நேர் வெயில் தாளை மொரமொரப்பாக்கிவிடும். செல்லோடேப் ஒட்டவே கூடாது, அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளையும் கெடுக்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி வைத்து, காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணியில் முடிந்து போடுங்கள்.

ஸ்கேன் செய்வதென்றால் 300 டி.பி.ஐ. போதும். பைண்டிங்கை உடைத்துத் தட்டையாக அழுத்தாமல் மேலிருந்து படம் எடுங்கள். முகப்பட்டை, பதிப்பு விவரப் பக்கம், விளம்பரப் பக்கம் எதையும் விடாதீர்கள். 1950-க்கு முந்தைய சிறு வெளியீடுகள் இருந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரியுங்கள். அந்த நூலகமே கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994-இல் உருவானதுதான்.

கேள்வி: எனக்கு ஓய்வுக்குச் சில வருடம்தான் பாக்கி. இளம் பிள்ளைகள் கணினியில் பறக்கிறார்கள், எனக்குக் கை நடுங்குகிறது. இனிமேல் கற்று என்ன ஆகப் போகிறது? (ஊத்தங்கரை, நூலக உதவியாளர்)

அண்ணா, சீர்காழியில் பிறந்த நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. கணினி அதற்கு ஒரு வழி. நீங்கள் இன்னொரு வழி. போன மாதம் ஒருவர் திருப்பிக் கொடுத்த வேளாண் புத்தகம் யாருக்குப் பிடிக்கும், எட்டாம் வகுப்புப் பையனுக்கு அடுத்து எதைக் கொடுக்கலாம் என்பதெல்லாம் உங்கள் தலையில் இருக்கிறது. அதை இன்னும் எந்தப் பட்டியலிலும் யாரும் ஏற்றவில்லை. நீங்கள் கற்றுக்கொண்டால்தான் அது உள்ளே போகும்.

தட்டச்சிலிருந்து தொடங்குங்கள். தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். தினமும் பத்துத் தலைப்பு அடித்தால் போதும், கை தானாகப் பழகிவிடும். அதுவரை கைப்பேசியில் குரலால் சொல்லியும் ஏற்றலாம், பிழை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நூல் யாருக்கு ஏற்றது என்று ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்தத் தாளைப் பக்கத்து மேசைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அவர்கள் பட்டியலில் சேர்க்கட்டும். எக்செல்லை நீங்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஊத்தங்கரைக்கு ஒரு சனிக்கிழமை நானும் வருகிறேன், முதல் அலமாரியைச் சேர்ந்தே ஏற்றிவிடலாம்.