குடல் அழற்சி: குடும்பவாகா?

முன்குறிப்பு: மருத்துவமனை மருந்தகத்தில் முப்பது ஆண்டு நின்றவன் நான், மருத்துவர் அல்லன். குடலில் நாள்பட்ட புண்ணும் வீக்கமும் உண்டாக்கும் குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி இரண்டையும் சேர்த்தே ‘குடல் அழற்சி’ என்கிறேன்.

ஈசூன் வாசகர்: அண்ணே, எனக்குக் குரோன் நோய். பிள்ளைகளுக்கும் வருமா?

வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல்தான், தம்பி. ஆனாலும் பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால், நூற்றில் 90க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வருவதில்லை. அச்சு அசலாக ஒரே மரபணு கொண்ட இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவர் தப்பிப்பதுண்டு. மரபணு மட்டுமே காரணமில்லை, சூழலும் சேரும். வீட்டில் சிகரெட் இருந்தால் முதலில் அதை வெளியேற்றுங்கள்.

தெம்பனிஸ் வாசகி: எச்சில் அனுப்பிச் சோதித்தேன். ‘நாட்2’ மாற்றம் இல்லையாம். நிம்மதிதானே?

அந்தக் காசுக்கு மீன்தலைக் கறி சாப்பிட்டிருக்கலாம். 2001இல் குரோன் நோயோடு முதன்முதலாகத் தொடர்புபடுத்தப்பட்ட மரபணு அது. ஆனால் அதன் முக்கிய மூன்று மாற்றங்கள் ஐரோப்பியரிடம் காணப்படுபவை. நம்மவரிடம் அரிது, சீனரிடம் அநேகமாக இல்லை. அப்படியிருந்தும் சிங்கப்பூரில் பெருங்குடல் புண் அழற்சி சீனரைவிட இந்தியரிடமே கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. தொடர்புள்ள மரபணு இடங்கள் 200க்கும் மேல். இந்த ஒன்று இல்லை என்பதால் நோய் வராது என்று சொல்லமுடியாது.

தேக்கா வாசகர்: குடல் அழற்சிக்காகத் தங்கைக்கு அசத்தியோபிரின் (நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரை) எழுதித் தந்திருக்கிறார்கள். முடி கொட்டுமா?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். மரபணுச் சோதனை உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான். ‘என்.யு.டி.டி.15’ என்ற மரபணுவின் மாற்றம் ஆசியரிடம் பரவலானது. 2014இல்தான் இதன் பங்கு தெரியவந்தது. அது உள்ளவர்களுக்கு இந்த மருந்தின் வழக்கமான அளவே நஞ்சாகலாம். இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்றவருக்குச் சில வாரங்களில், கிருமிகளோடு போராடும் இரத்த வெள்ளணுக்கள் சரியும். தலையணையில் முடி கொத்துக்கொத்தாகக் கிடக்கும். முடி போனால் முளைக்கும். வெள்ளணு சரிந்திருக்கும்போது வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்து. முதல் மாத்திரைக்கு முன்பே அந்தச் சோதனையைக் கேளுங்கள். முடிவு நன்றாக வந்தாலும் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

உட்லண்ட்ஸ் வாசகி: நாங்கள் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. அதனால் வருமா?

பெரியவர்களுக்கு வரும் வழக்கமான வகைக்கு உறவுத் திருமணத்தைக் குற்றம் சொல்லமாட்டேன். கைக்குழந்தைக்கு வருவது வேறு கதை. அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தின் ஏற்பிக்கான மரபணு தாய், தந்தை இரண்டு பக்கமும் பழுதானால், சில மாதங்களிலேயே இரத்தம் கலந்த மலமும் ஆசனவாய் அருகே ஆறாத புண்ணும் தோன்றும். மிக அரிது, ஆனால் சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் கூடுதல். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு. அத்தகைய குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் உங்கள் உறவுமுறையை மறைக்காதீர்கள், அம்மா.

ஜூரோங் வாசகர்: சம்பல் சாப்பிட்டால் வருமா?

வராது. ஏற்கெனவே புண்ணிருந்தால் எரியும்.