பழைய காரும் டர்பன் வெயிலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பா வைத்திருந்த கறுப்பு மாரிஸ் மைனரை மெருகு குறையாமல் வைத்திருக்கிறோம். படமெடுத்தால் கதவில் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது. (சாட்ஸ்வர்த்)

பதில்: கறுப்புக் கார் ஏறக்குறைய நிலைக்கண்ணாடியேதான். ஆகவே கேமராவை எடுக்கும் முன், நிற்கப்போகும் இடத்திலிருந்தே குனிந்து, கதவில் என்னென்ன தெரிகின்றன என்று பாருங்கள். எதிரே ஒன்றுமில்லாத வெளிக்குக் காரை நகர்த்தினாலே பாதித் தொல்லை தீரும். லென்ஸின் முன் மாட்டும், ஒளிப் பிரதிபலிப்பைத் தடுக்கும் போலரைசர் வடிகட்டியைத் திருகினால் பெயின்ட்டிலும் கண்ணாடியிலும் பிரதிபலிப்பு பெருமளவு குறையும் என்றாலும், குரோம் உலோகப் பூச்சு என்பதால் பம்பரில் அது பலிக்காது. என் பழைய படங்களில் ஹப் கேப்பின் (சக்கரத்தின் நடுமூடி) நடுவே தொப்பை பெருத்த ஓர் உருவம் வெள்ளைச் சட்டையுடன் நிற்கும், அது நான்தான். இப்போது கறுப்புச் சட்டை அணிந்துகொண்டு, பக்கவாட்டில் தள்ளி நின்று எடுக்கிறேன்.

கேள்வி: கடற்கரையில் எந்த நேரம் நல்லது? (ஃபீனிக்ஸ்)

பதில்: நம் கடற்கரை கிழக்கு நோக்கியது, சூரியன் எழுவதற்குக் கால் மணி நேரம் முன்பு வானம் முழுவதும் ஒரே விளக்காகி, காரின் வளைவுகளை ஒரு நீண்ட ஒளிக்கோடாகக் காட்டும். டிசம்பரில் சூரியன் 5 மணிக்கு முன்பே எழுந்துவிடும். ஜூனில் ஏறத்தாழ 6.50 ஆகும். ஐரோப்பியக் கையேடுகள் புகழும் வடதிசை நிழலை இங்கே தேடாதீர்கள். டர்பனில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், குளிர்காலத்தில் கட்டடத்தின் தென்புறமே மென்மையான நிழல் தரும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் காரைக் கழுவிவிடுங்கள். உப்புக்காற்று குரோமைத் தின்னும்.

கேள்வி: கைபேசியில் எடுத்தால் காரின் மூக்கு புடைத்துத் தெரிகிறதே?

பதில்: தள்ளி நின்று, இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸால், முன்விளக்கின் உயரத்திலிருந்து எடுங்கள்.

கேள்வி: யூட்டன்ஹேகில் தயாரான எங்கள் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் எதைப் படமெடுக்க வேண்டும்? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: இன்று கரியேகா எனப்படும் அவ்வூரில் 1951 முதல் 1979 வரை பீட்டில் தயாரானது. பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், 1953 முதல் 1957 வரை முட்டை வடிவிலிருந்த பின்கண்ணாடி அதன்பின் அகலமானதால், தெரிந்தவர்கள் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். முன்சக்கரத்தைத் திருப்பும்போது டயரின் பட்டை தெரியாமல், வட்டின் முகம் உங்களைப் பார்க்கட்டும். ஓட்டுநர் இருக்கையின் தேய்ந்த விளிம்பைக் கணினியில் அழித்துவிட வேண்டாம். இருக்கை மாற்றப்படாதது என்பதற்கு அந்தத் தேய்மானம்தான் சாட்சி.