கேசரோல் கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. நீங்கள் சிங்கப்பூருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. செங்காங்கில் வாடகை வீடு. இருவரும் வேலைக்குப் போவதால் பாதி நாள் இராச்சாப்பாடு கீழே கோப்பிக் கடையில் தப்பாவ், அதாவது பொட்டலம். பையன் பள்ளி நண்பன் வீட்டில் சிக்கன் கேசரோல் சாப்பிட்டுவிட்டு வந்து அதே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். அடுத்த மாதம் ஊரிலிருந்து அம்மா வருகிறார்கள், ஒரு நாளாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும் என்று ஆசை. ஆனால் வீட்டில் ஓவன் கிடையாது, ஓனர் 'லைட் குக்கிங் மட்டும்' என்று சொல்லியிருக்கிறார். முடியுமா, முடியாதா என்கிறீர்கள்.

முடியும். சிரிப்பு வந்த காரணம் வேறு. எங்கள் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து முதல் தடவை இங்கே வந்தபோது, "இன்னைக்கு ராத்திரி கேசரோல்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். "ஏல, அதுக்குள்ள என்ன இருக்கு, அதச் சொல்லு" என்றார்கள். ஊரில் கேசரோல் என்றால் சப்பாத்தி ஆறாமல் மூடி வைக்கிற பிளாஸ்டிக் டப்பாதானே. உங்கள் அம்மாவும் அப்படித்தான் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கேட்டதில் தப்பும் இல்லை. அந்தப் பிரெஞ்சுச் சொல்லே பாத்திரத்துக்கு உரியதுதான். பாத்திரத்தின் பேர் பிறகு அதில் வேகும் சாப்பாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கே சீனர் கடைகளில் களிமண் சட்டியோடு கொண்டுவந்து வைக்கிற கிளேபாட் ரைஸ் சாப்பிட்டிருப்பீர்கள். அதற்குப் பேர் வந்த வழியும் இதே மாதிரிதான்.

சரி, முதலில் பையனிடம் ஒன்று கேளுங்கள்: மேலே மொறுமொறுவென்று இருந்ததா, அல்லது குழம்பு மாதிரித் தளர இருந்ததா? ஏனென்றால் இதில் இரண்டு வகை உண்டு. அமெரிக்க வகையில் வேகவைத்த கோழியோடு மக்ரோனியோ சோறோ சேர்த்து, டின்னில் வரும் காளான் சூப்பை ஊற்றி, மேலே சீஸ் அல்லது பிஸ்கட் தூள் தூவி ஓவனில் வைப்பார்கள். கேம்ப்பெல்ஸ் நிறுவனம் 1934இல் அந்தக் காளான் சூப் டின்னைக் கொண்டுவந்த பிறகு அங்கே வீட்டுக்கு வீடு இது பரவியது. எனக்கு அது பிடிக்காது. உப்பும் மாவும்தான் நாக்கில் நிற்கும். ஆங்கிலேய வகையில் எலும்போடு கோழி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் எல்லாம் ஒரே சட்டியில், மூடியைப் போட்டு நிதானமாக வேகும். அம்மாவும் பையனும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டுமென்றால் இதுதான் சரி. நம் இஸ்டூவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

'லைட் குக்கிங்' விஷயத்துக்கு வருகிறேன். ஓனருக்கு ஓனர் அதற்குப் பொருள் மாறும். ஒருவருக்கு மேகி வரைதான் லைட். இன்னொருவருக்கு மீன் பொரிக்காமல் இருந்தால் போதும். ஆரம்பத்தில் ஒரு வீட்டில் சாம்பார் தாளித்ததற்கே ஓனரிடமிருந்து எனக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி வந்தது, 'ஸ்மெல், ப்ளீஸ்' என்று. அதனால் நேரில் பார்க்கும்போது, "பொரிக்க மாட்டோம், ஆனால் சட்டியில் மூடி வைத்துச் சமைப்போம்" என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டு ஒப்பந்தம் போடும்போது அதை எழுத்திலேயே கேளுங்கள்.

வாசனைக்காக ரொம்பவும் கூனிக்குறுகவும் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் இங்கே நடந்த ஒரு சம்பவம் 2011இல் செய்தியானது. சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம், பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று புகார் சொல்ல, சமரசப் பேச்சில் அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது என்று முடிவானது. செய்தி வெளியே வந்ததும் ஊரே கொதித்துவிட்டது. அந்த ஆகஸ்ட் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பல வீடுகளில் வேண்டுமென்றே கறிக்குழம்பு வைத்தார்கள். ஆனால் தம்பி, அது ஊரின் பெருந்தன்மை. உங்கள் டெபாசிட் ஓனர் கையில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேசரோலில் புகையும் வாசனையும் வருவது முதல் பதினைந்து நிமிடம் மட்டும்தான், கோழியை வதக்கும்போது. அதற்கு முன் சமையலறை ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு தடவை பாருங்கள். மேல் மாடிக்காரர் கழியில் துணி காயப்போட்டிருந்தால் அவர் எடுக்கும்வரை காத்திருங்கள். எங்கள் பிளாக்கில் பத்து வருஷமாக எனக்கும் மேல் வீட்டு ஆன்ட்டிக்கும் சண்டை வராமல் இருப்பது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

கோழி வாங்க நான் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போவேன். தமிழிலேயே கேட்டு வாங்கலாம், வெட்டச் சொன்னபடி வெட்டித் தருவார்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், இங்கே ஈரச்சந்தைகளில் பல கடைகளுக்கு அன்றுதான் விடுமுறை. தொடையும் காலும் எலும்போடு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வாங்குங்கள், ஐந்து பேருக்குத் தாராளம். நெஞ்சுக்கறி வேண்டாம், நீண்ட வேக்காட்டில் நார் நாராகி விடும். தோலை உரிக்கச் சொல்லாதீர்கள். நமக்குப் பழக்கத்தில் "ஸ்கின் அவுட்" என்றுதான் வாயில் வரும்.

செங்காங்கிலிருந்து தேக்கா போக நேரமில்லை என்றால் உறைகோழியே போதும். அதை மட்டமாகத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சந்தையில் கடைகள் காலியாகிவிட்டன. இங்கே வரும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது, அதுவும் பெரும்பாலும் உயிரோடு வந்து இங்கே வெட்டப்பட்டது. பிரேசில் உறைகோழியை அந்த மாதங்களில்தான் ஒழுங்காகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்தில் வைத்து உருக விட வேண்டும், அவ்வளவுதான். குழம்பில் வேகும்போது வித்தியாசம் தெரியாது. பையனின் நண்பன் மலாய்க்காரப் பிள்ளையாக இருந்து, நீங்கள் அவனையும் கூப்பிடுவதாக இருந்தால், ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். சுடுநீரில் கரைத்துக் கோழிச் சாறாக்கும் ஸ்டாக் கட்டிக்கும் அதே கணக்கு. சில ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் ஒயின் ஊற்றச் சொல்வார்கள், அதை விட்டுவிடுங்கள், ஒன்றும் குறையாது.

பாத்திரம் பெரிய விஷயம். உங்கள் அடுப்பு இண்டக்‌ஷனா, கேஸா என்று நீங்கள் எழுதவில்லை. இண்டக்‌ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் அதில் சூடாகாது. என் மனைவி தாதி (நர்ஸ்), அவளுடைய ஷிப்ட் அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தால் ஒட்டியிருக்கும். அந்தக் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்ப்பேன். ஒட்டினால் சமைக்கலாம், விழுந்தால் பரணுக்குப் போகும். அடி கனமான, மூடி இறுக்கமாக உட்காரும் சட்டி ஒன்று போதும், ஓவன் தேவையே இல்லை. குக்கரில் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யலாம், உருளைக்கிழங்கு கரைந்து, தோல் கொழகொழத்து வேறு ஏதோ ஒன்று வரும். நன்றாகவே இருக்கும், பையன்தான் ஒத்துக்கொள்ள மாட்டான்.

கோழியை மஞ்சள்தூள் போட்டு அலசாமல் எனக்கு மனது ஆறாது. நீங்களும் அப்படி என்றால், தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்காமல் ஒரு கிண்ணத்துக்குள்ளேயே அலசுங்கள். பிறகு சமையல் காகிதத்தால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் கோழி சிவக்காது, வேகத்தான் செய்யும். உப்பும் மிளகும் தடவி, சட்டியில் ஒரு கரண்டி எண்ணெயும் கொஞ்சம் வெண்ணெயும் விட்டு, தோல்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குங்கள். ஆறு ஏழு நிமிடம் கையை வைக்காமல் இருக்க வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் தோற்போம், கரண்டியைக் கையில் பிடித்துவிட்டால் கிளறாமல் இருக்க முடியாது. தோல் தானாகவே அடியை விட்டுக் கிளம்பும்போது திருப்பினால் போதும். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள்.

கோழியை எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கொழுப்பிலேயே இரண்டு பெரிய வெங்காயத்தையும் எட்டுப் பல் பூண்டையும் வதக்குங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டி விடுங்கள், ருசியெல்லாம் அதில்தான். இரண்டு மேசைக்கரண்டி மைதா தூவி இரண்டு நிமிடம் பிரட்டினால் பச்சை வாசனை போய்விடும். பிறகு சூடான கோழி ஸ்டாக் இரண்டு கப், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டும். மூன்று உருளைக்கிழங்கையும் இரண்டு கேரட்டையும் பெரிய துண்டாகப் போட்டு, ஒரு பிரிஞ்சி இலை, கொஞ்சம் தைம் என்ற வாசனை இலை சேருங்கள். தைம் கிடைக்காவிட்டால் ஓமம் நான்கைந்து மணி போதும். கோழியைத் தோல் மேலே பார்க்கும்படி வைத்து, மூடி, அடுப்பை மிகக் குறைத்து நாற்பது நிமிடம் விட்டுவிடுங்கள். எலும்போரம் குத்தினால் வருகிற சாறு தெளிவாக இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி செல்சியஸ். கடைசியில் அரைக் கப் பால் விட்டு ஒரு கொதி. உப்பையும் கடைசியில்தான் பார்க்க வேண்டும், ஸ்டாக் கட்டியிலேயே உப்பு நிறைய இருக்கும்.

பையன் 'மொறுமொறு' என்று சொல்லியிருந்தால், ஆறு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை நொறுக்கி வெண்ணெயில் பிசிறி வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறும் நேரம் ஒரு சின்ன வெப்பம் தாங்கும் கிண்ணத்தில் அவன் பங்கை எடுத்து, மேலே இதைத் தூவி ஏர் பிரையரில் ஐந்து நிமிடம். ஏர் பிரையர் உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் நிச்சயம் இருக்கும்.

நாளைக்கு ஓவன் வாங்கினால் 180 டிகிரி செல்சியஸில் மூடியோடு முக்கால் மணி நேரம், மூடியை எடுத்துவிட்டு இன்னும் பதினைந்து நிமிடம். இந்த எண்ணை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் முதன்முதலில் செய்தபோது குறிப்பில் 350 என்று இருந்தது. பழைய சாமான் விற்றவரிடம் வாங்கிய என் ஓவனில் முள் 250க்கு மேல் போகாது. சரி, அதிகபட்சம் அதுதானே என்று 250இல் வைத்துவிட்டேன். குறிப்பில் இருந்தது ஃபாரன்ஹீட், ஓவனில் இருந்தது செல்சியஸ். மேலே கரி, எலும்போரம் இரத்தம். அன்று இரவு மூன்று பேரும் கீழே இறங்கிப் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம். என் மகன் இன்றைக்கும் அதைத்தான் என்னுடைய சிறந்த கேசரோல் என்கிறான்.

ஒன்றாக உட்கார்வது பற்றிக் கேட்டீர்கள். வாரநாளில் அது நடக்காது தம்பி, நடக்கவில்லையே என்று மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். என் மனைவிக்கு மாலை ஷிப்ட் என்றால் வீடு வரப் பத்து ஆகும். மகனுக்குப் பள்ளி முடிந்து இணைப்பாட நடவடிக்கை (விளையாட்டு, கலை மாதிரி), அது முடிந்து டியூஷன். நான் இதைச் சமைக்கப் பழகியதே அதனால்தான். தோசை காத்திருக்காது, ரசஞ்சோறு காத்திருந்தால் இறுகிவிடும், இது மூடியைத் திறக்காமல் வைத்தால் கனச்சட்டியில் ஒரு மணி நேரம் வரை சூடாகவே இருக்கும். அதற்கு மேல் வெளியே வைக்காதீர்கள், இந்த வெக்கையில் கெட்டுப்போகும். ஃபிரிட்ஜில் வைத்து, வருகிறவர் வந்ததும் நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நாள் எங்களுக்கு ஞாயிறும் இல்லை, வெள்ளியும் இல்லை. அட்டவணையில் 'ஆஃப்' என்று எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அதுதான். அம்மா வருவதற்கு முன்பே உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாளைக் குறித்துவிடுங்கள்.

அம்மா சாப்பிடுவார்களா என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். எங்கள் அம்மாவிடம் நான், "சொதி மாதிரிதாம்மா, கோழி போட்டது" என்று சொல்லிப் பார்த்தேன். திருநெல்வேலிக்காரர்களிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்று அப்போதுதான் தெரிந்தது. தேங்காய்ப்பாலில் காய்கறி மட்டும் போட்டு வைக்கிற சொதியில் கோழியா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு வாய் வைத்துவிட்டு, "சீக்குக்காரனுக்குக் குடுக்கிற மாதிரில்லா இருக்கு" என்றார்கள். பேசாமல் எழுந்துபோய்ச் சின்னக் கரண்டியில் நெய் விட்டு, இடித்த மிளகு, கீறிய பச்சை மிளகாய் இரண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டுத் தாளித்து, அம்மாவின் தட்டில் மட்டும் மேலே ஊற்றினேன். மகன் ரொட்டியைக் கிள்ளிக் குழம்பில் தொட்டுக்கொண்டிருந்தான். அம்மா சோற்றைக் குழியாக்கி அதில் ஊற்றிப் பிசைந்தார்கள். இரண்டாவது தடவை சட்டியை அவர்களே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தாளிப்புக்கும் ஜன்னலைத் திறந்து துணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.