ஓடாத மில்லை மண்டபமாக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பொள்ளாச்சி முதல் கேரளத்தின் சித்தூர் தாலுகா வரை, மாநில எல்லையின் இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் மில்களை விசேஷ மண்டபமாக மாற்றுவது பற்றிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் நான்குக்கு எங்கள் கட்டுமானக் குழுவின் பதில்.

கேள்வி: பூட்டிக் கிடந்த நூல் மில் ஷெட் ஒன்றை வாங்கியிருக்கிறோம். நீளம் 130 அடி, அகலம் 60 அடி. கூரையைத் தாங்க இரும்பு ட்ரஸ் சட்டங்கள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஷீட்டை மாற்றிக் கலர் தகரம் போட்டு, மேற்குச் சுவரை முழுக்க எடுத்து, ரோட்டைப் பார்த்து வாசல் வைக்க ஆசை. ட்ரஸ் தாங்குமா?
— வாசகர், கோபாலபுரம்

தாங்கும். ஆனால் காற்றில் எழும்பாமல் நிற்குமா என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. அரை மி.மீ. தகரம் 5 கிலோ. உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டால் கூரையிலிருந்து ஏறக்குறைய 7 டன் இறங்கிவிடும். இத்தனை நாள் அந்த எடைதான் கூரையை அமுக்கிப் பிடித்திருந்தது.

இத்துடன் மேற்குச் சுவரையும் எடுக்கிறீர்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். நான்கு பக்கமும் மூடிய ஷெட்டில் காற்று கூரைக்கு மேலே உறிஞ்சும், அவ்வளவுதான். காற்று வரும் பக்கமே திறந்திருந்தால் உள்ளே புகுந்து அடியிலிருந்தும் தூக்கும். இந்தியத் தர விதியில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கி.மீ. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 93 கிலோ அழுத்தம். அதில் எத்தனை பங்கு உள்ளிருந்து தள்ளும் என்பதுதான் உள்ளழுத்தக் கெழு: மூடிய ஷெட்டுக்கு 0.2, பெரிய திறப்பு உள்ளதற்கு 0.7. இந்த வித்தியாசத்தால் கூடுதலாக வரும் தூக்கல் மட்டும் சதுர மீட்டருக்கு 46 கிலோ. கழற்றிய ஷீட்டின் எடையைப்போல மூன்று மடங்கு!

எனவே வாசலைக் கிழக்கிலோ வடக்கிலோ வையுங்கள். ரோடு மேற்கில்தான் என்றால் அந்தச் சுவரை விட்டுவைத்து, இரண்டு கதவு மட்டும் திறந்து, முன்னால் தனித் தூண்களில் ஒரு போர்ட்டிகோ போடுங்கள். எந்தச் சுவரை எடுத்தாலும் தூண்களுக்கிடையே குறுக்கு பிரேசிங் (மூலைக்கு மூலை கட்டும் இரும்பு) வேண்டும். ஷெட் பக்கவாட்டில் சாயாமல் பிடித்திருந்ததில் அந்தச் செங்கலுக்கும் பங்கு உண்டு.

தூணின் அடியையும் பாருங்கள். அடித்தகடான பேஸ் பிளேட்டைச் சுற்றித் தரை ஏறியிருந்தால் தோண்டி, துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, மிச்சத் தடிமனை வெர்னியரில் அளக்க வேண்டும். 6 மி.மீ. தடிமன் உள்ள ஆங்கிள் (L வடிவ இரும்பு) 5 ஆகியிருந்தால் ஆறில் ஒரு பங்கு பலம் போய்விட்டது. நங்கூர போல்ட்டின் நட்டு கையோடு உதிர்ந்தால், புதிய தூக்கலுக்கு அந்தத் தூணில் பிடிமானமே இல்லை என்று கொள்ளுங்கள்.

தகரத்தை ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூவில் அடியுங்கள். முகடு, இறவாணம், ஓரங்களில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று, நடுவில் ஒன்று விட்டு ஒன்று. ஓரங்களில் சிக்கனம் பார்த்த கூரைதான் முதலில் பிய்யும். பணம் இடம் கொடுத்தால் 50 மி.மீ. பஃப் பேனல் (இரண்டு தகரத்துக்கு நடுவே நுரை வைத்த பலகை) போடுங்கள். வெயிலும் மழைச் சத்தமும் குறையும்; சதுர மீட்டருக்குப் 10 கிலோவுக்கு மேல் எடையும் கிடைக்கும்.

பழைய ஷீட்டைக் கழற்றுவதில் உயிர் போகிறது. அதன்மேல் கால் வைத்தால் சத்தமில்லாமல் உடைந்து ஆள் கீழே விழுவார். ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்புகளான பர்லின்களில் இரண்டுக்காவது எட்டும் பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும், கீழே வலை கட்ட வேண்டும். ஷீட்டை நனைத்துவிட்டு, அதைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டை வெட்டி, முழு ஷீட்டாக இறக்குங்கள். துளை போடுவதோ அறுப்பதோ உடைப்பதோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். இரண்டு மடிப்பு பாலிதீனில் சுற்றி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த இடத்துக்கு அனுப்புங்கள். நொறுக்கித் தரை நிரப்ப எடுக்க விடாதீர்கள்.

இன்னொன்று. பூ அலங்காரம் செய்ய வருகிறவர்கள் எட்டுகிற கம்பியில் எல்லாம் கயிறு கட்டுவார்கள். ட்ரஸ்ஸில் எடையை மாட்ட வேண்டிய இடம் ஆங்கிள்கள் சேரும் மூட்டு மட்டுமே. இரண்டு மூட்டுக்கு நடுவே தொங்கவிட்டால் அடிக்கம்பி வளையும். பொறியாளர் சொல்லும் மூட்டுகளில் மட்டும் கொக்கி வைத்து, பக்கத்திலேயே எத்தனை கிலோ என்று பெயின்டில் எழுதிவிடுங்கள். பெரிய அலங்காரத்துக்குத் தரையிலிருந்தே தனிச் சட்டம் நிறுத்துவது நல்லது.

கேள்வி: எங்கள் பழைய அரிசி மில்லில் நெல் ஊறவைக்கும் தொட்டிகள் தரைக்குள் இருக்கின்றன. நிரப்பிவிட்டு டைல்ஸ் ஒட்டலாமா? கேரளப் பக்கம் என்னென்ன அனுமதி வேண்டும்?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

ஒட்டலாம், அவசரப்படாமல். தொட்டியை இடிபாட்டாலோ உமிச் சாம்பலாலோ நிரப்பினால் முதல் மழைக்காலத்திலேயே அமுங்கி, தொட்டி விளிம்பின் வடிவத்திலேயே டைல்ஸில் கோடு விழும். அடியில் நீர் வடியத் துளை போட்டு, கிராவலோ மணலோ 6 அங்குலம் 6 அங்குலமாகக் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து இறுக்குங்கள். மேலே போடும் கம்பி கட்டிய கான்கிரீட், தொட்டிச் சுவரைத் தாண்டி இரண்டு பக்கமும் 2 அடி போக வேண்டும்.

எஞ்சின் நின்ற இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு நின்றால், எண்ணெய் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. சில மாதத்தில் டைல்ஸ் தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றொலி வரும். கறுத்த பகுதியை வெட்டி எடுங்கள். முடியாவிட்டால் பாலிதீன் விரித்து, பழைய தரையோடு ஒட்டாமல் 3 அங்குலப் புதுக் கான்கிரீட் போடுங்கள்.

உங்கள் பக்கம் பல இடங்களில் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேடைச் சுவரையோ கழிவறையையோ ஆழமில்லாத அஸ்திவாரத்தில் கட்டிப் பழைய சுவரோடு இணைத்தால் இணைப்பில் பிளக்கும். தனியாகக் கட்டி நடுவில் ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். நெல் காயவைத்த களத்தை உடைக்காதீர்கள். வண்டி நிறுத்த அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அனுமதி: கேரள பஞ்சாயத்துக் கட்டட விதிகள் 2019-இன்படி, ஆலைப் பயன்பாட்டிலிருந்து மக்கள் கூடும் பயன்பாட்டுக்கு மாற்ற பஞ்சாயத்து அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, 1963-ஆம் ஆண்டு பொது இடங்கள் சட்டத்தின்படி உரிமம். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு நகர் ஊரமைப்பு அனுமதியோடு, 1965-ஆம் ஆண்டு பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தாரின் உரிமமும் வேண்டும். எந்தப் பக்கமானாலும் மின் இணைப்பை ஆலைக் கட்டணத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மண்டபம் திறந்து ஆறு மாதம். மைக்கில் பேசுவது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஸ்பீக்கரைக் கூட்டியும் பயனில்லை.
— வாசகர், வேலந்தாவளம்

கூட்டக் கூட்ட மோசமாகும். 40 மீட்டர் நீளம், 18 அகலம், சராசரி 7 உயரம் உள்ள ஷெட்டை எடுத்துக்கொள்வோம். கன அளவு 5,040 கன மீட்டர். தகரம், பூச்சுச் சுவர், டைல்ஸ் மூன்றும் சேர்ந்து ஒலியை உறிஞ்சுவது சுமார் 107 அலகு (ஒலியை முழுக்க விழுங்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பு ஓர் அலகு). எதிரொலி அடங்கும் நேரம் = 0.161 × கன அளவு ÷ உறிஞ்சல். அதாவது ஏழரை விநாடி! 500 பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 0.45 வீதம் 225 அலகு கூடி, இரண்டரை விநாடிக்கு வரும். பேச்சு புரிய ஒன்றரை விநாடி வேண்டும். இன்னும் 200 அலகு தேவை.

50 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி உள்ள ராக்வூல் (பாறை நார்ப் பஞ்சு) 250 சதுர மீட்டர் அதைத் தரும். முதலில் மேடைக்கு எதிர்ச் சுவர், அடுத்து கூரையடி. சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளிப் பொருத்தினால் தவிலின் கனத்த ஒலியும் அடங்கும். மேலே நெய்துணி போதும். பெயின்ட் அடித்தால் துளை அடைந்து பயன் போய்விடும். தெர்மாகோல் ஒலியை உறிஞ்சாது, தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். ஒட்டியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

மேடையில் இரண்டு பெரிய பெட்டிகளுக்குப் பதில், 10 மீட்டருக்கு ஒரு ஜோடி சிறிய பெட்டி வைத்து, மேடை ஒலி வந்து சேரும் நேரத்துக்கு ஈடாக ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 29 மில்லி விநாடி தாமதம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 600 பேருக்கு ஒரு ஷட்டர் வாசல் போதுமா? சமையலை ஷெட்டின் மூலையில் வைக்கலாமா?
— வாசகர், மீனாட்சிபுரம்

இரண்டுமே கூடாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி சமதளத்தில் ஆளுக்கு 6.5 மி.மீ. வெளியேறும் அகலம், 600 பேருக்கு 3.9 மீட்டர். தலா 2 மீட்டரில் மூன்று கதவுகளை வெவ்வேறு சுவர்களில் வையுங்கள். தீ ஒன்றை மறித்தாலும் மிச்ச இரண்டில் 4 மீட்டர் கிடைக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஷட்டர் வெளியேறும் வழியாகாது. மின்சாரம் போய்க் கூட்டம் நெருக்கும்போது அதை யார் தூக்குவது?

சமையல் தனிக் கட்டடத்தில் இருக்கட்டும். 19 கிலோ சிலிண்டர் ஐந்து வரை 95 கிலோ. ஆறாவது வந்தால் 100 கிலோவைத் தாண்டித் தனி உரிமம் வேண்டும். காஸ் காற்றைவிடக் கனமானது, கீழே படியும். சிலிண்டர் அறைக்கருகே சாக்கடையோ தொட்டியோ பள்ளமோ இருக்கக் கூடாது. காற்றுத் துளைகளைத் தரையோடு ஒட்டி வையுங்கள்.