தொந்தரவே இல்லாதபோது மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 34. கேரட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். சித்திரையில் பத்து நாள் கடும் காய்ச்சல், தொண்டை வலி, நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. வைரல் காய்ச்சல் என்றார்கள், சரியாகிவிட்டது. ஆவணியில் ஒரு முகாமில் ரத்ததானம் செய்தேன். அப்புறம் கூப்பிட்டு விட்டார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் மறுபடி பார்த்து எச்.ஐ.வி. என்று உறுதி செய்தார்கள். நோயை எதிர்க்கும் ரத்த வெள்ளை அணுவாம், சிடி4, அதன் எண்ணிக்கை 640. உடனே கூட்டு மருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். நான் இன்றைக்கும் மூட்டை தூக்குகிறேன். 2007 முதல் மருந்து சாப்பிடும் உறவினர் ஒருவர், "இருநூறுக்குக் கீழே இறங்கட்டும், இப்போதே தொட்டால் உடம்பு கெட்டுவிடும்" என்கிறார். யார் சொல்வது சரி? சீக்கிரம் ஆரம்பித்தால் அடியோடு போய்விடுமா? மனைவிக்கு நெகட்டிவ் வந்திருக்கிறது.
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: தம்பி, இந்த வாரமே ஆரம்பியுங்கள். ஆனால் உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அன்று சொல்லப்பட்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறார். அப்படிச் சொன்ன மருத்துவர்களில் நானும் ஒருவன்.

முதலில் அந்தச் சித்திரைக் காய்ச்சல். அநேகமாக அதுதான் வைரஸ் உங்கள் உடம்பில் குடியேறிய நேரம். தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்கு இப்படிக் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு, கழுத்தில் நெறிகட்டு வரும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். இப்படி ஒரு கட்டம் இருப்பதை 1985இல் 'லான்செட்' இதழில் விவரித்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் டேவிட் கூப்பர். சிட்னியில் அவர் கவனித்துவந்த ஆண்களில் சிலருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தது. பிறகு எடுத்த ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தென்பட்டது. இரண்டையும் முடிச்சுப்போட்டவர் அவர். அந்தக் காய்ச்சல் நாட்களில் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகம், எதிர்ப்புப் பொருள் இன்னும் உருவாகியிருக்காது. அதனால் எதிர்ப்புப் பொருளை மட்டும் தேடும் பரிசோதனை நெகட்டிவ் என்றே காட்டும். உங்களைப் பார்த்தவர் வைரல் காய்ச்சல் என்று சொன்னதில் எழுத்தளவில் தவறே இல்லை, பாருங்கள்.

கூப்பரின் பெயரை வேண்டுமென்றேதான் இழுக்கிறேன். உங்கள் உறவினரும், கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையமும் ஏன் வேறு வேறு சொல்கிறார்கள் என்பதற்கு விடை அந்த ஒரு மனிதரின் வேலைக்குள்ளேயே இருக்கிறது. 1986இல் சிட்னியில் தொடங்கிய தேசிய எச்.ஐ.வி. ஆய்வு மையத்தை 2018இல் இறக்கும்வரை நடத்தியவர் அவர். இன்று அதன் பெயர் கிர்பி இன்ஸ்டிடியூட்.

முதல் மருந்தான ஏ.இசட்.டி. 1987இல் வந்தது. சீக்கிரமே கொடுத்தால் நல்லதா என்று பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் மருத்துவர்கள் சேர்ந்து 'கன்கார்ட்' என்ற ஆய்வில் பார்த்தார்கள். அந்த ஒற்றை மருந்தை முன்கூட்டிக் கொடுத்ததில் ஆயுள் கூடவில்லை. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்ததும் படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். நியூயார்க்கில் டேவிட் ஹோ, "சீக்கிரம் அடி, பலமாக அடி" என்று எழுதியதும் அந்தச் சமயத்தில்தான். ஆனால் 1998இல் கூப்பரும் அவருடைய சகா ஆண்ட்ரூ காரும் வேறொன்றை எழுதினார்கள்: இந்த மருந்து சாப்பிடுகிறவர்களின் முகத்திலும் கைகால்களிலும் கொழுப்பு கரைகிறது, வயிற்றில் சேர்கிறது. மருந்துக்கும் ஒரு விலை உண்டு என்று தெரிந்ததும் உலகமே பின்வாங்கியது. பொறு, எண்ணிக்கை இறங்கட்டும் என்றார்கள்.

நம் நாட்டில் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில், தாம்பரம் போன்ற சில மருத்துவமனைகளில் ஆரம்பித்தபோது, வேறு பெரிய நோய் இல்லாதவர்களுக்கு இருநூறுதான் கோடு. உங்கள் உறவினரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கன்னம் ஒட்டியிருக்கிறதா? ராத்திரி பாதம் எரிகிறது என்று ஈரத்துணி சுற்றிக்கொள்கிறாரா? அப்படியென்றால் அன்று தரப்பட்ட ஸ்டாவுடின் செய்த வேலையாக இருக்கலாம். அந்த மாத்திரை இப்போது கிடையாது. உடம்பு கெடும் என்று அவர் பயப்படுவது அனுபவித்த பயம். ஆனால் உங்களுக்குத் தரப்போகும் மாத்திரை வேறு.

2006இல் 'ஸ்மார்ட்' என்ற ஆய்வின் முடிவு வந்தது. 5,472 பேர். பாதிப் பேர் மருந்தை நிறுத்தாமல் சாப்பிட்டார்கள்; மீதிப் பேர் சிடி4 350க்கு மேல் இருந்தால் நிறுத்திவைத்து, 250க்குக் கீழே போனால் மறுபடி எடுத்தார்கள். இடைவெளி விட்டவர்களில் சாவு கூடியது. அதைவிடத் திகைப்பு, இருதயம், சிறுநீரகம், ஈரல் கோளாறுகளும் கூடியிருந்தன. மருந்துதான் அவற்றைக் கெடுக்கும் என்று நினைத்திருந்தோம், சும்மா விட்ட வைரஸ் கெடுத்துக்கொண்டிருந்தது.

சரி, உங்களைப் போல ஐநூறுக்கு மேல் இருப்பவர்களுக்கு? அதற்காகவே 'ஸ்டார்ட்' என்ற ஆய்வு 35 நாடுகளில் 4,685 பேரிடம் நடந்தது. இந்த இரண்டு ஆய்வுகளையும் ஒருங்கிணைத்த மையங்களில் கூப்பரின் சிட்னி மையமும் ஒன்று. உடனே ஆரம்பித்தவர்களில் 42 பேருக்குக் கடும் நோயோ மரணமோ நேர்ந்தது. தள்ளிப்போட்டவர்களில் 96 பேருக்கு. 2015இல் இது தெரிந்ததும் முடிவுக்குக் காத்திராமல் எல்லோருக்கும் மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு விதியை மாற்றியது. இந்தியாவில் 2017இல் மாறியது. இப்போது சிடி4 எத்தனை இருந்தாலும் மருந்து உண்டு.

விதி மாறுவதற்கு முன், ஒரு எஸ்டேட் தொழிலாளியை, எண்ணிக்கை 410 இருக்கிறதே, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினேன். அவர் வந்தது இரண்டு வருடம் கழித்து, காசநோயோடு. படி ஏறியதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றைய விதிப்படிதான் சொன்னேன். சரி, விடுங்கள்.

அடியோடு போகுமா என்றால், போகாது. தொற்றிய சில நாட்களிலேயே வைரஸ் தன் மரபுப்பொருளைச் சில அணுக்களுக்குள் செருகிவிட்டு உறங்கப் போய்விடுகிறது. அங்கே எந்த மாத்திரையும் எட்டாது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கிய ஒரு குழந்தைக்கு, மருந்து நின்று 27 மாதம் வைரஸ் தலைகாட்டவில்லை. குணமாகிவிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள். 2014இல் திரும்ப வந்துவிட்டது. ஆகவே தினம் ஒரு மாத்திரை, நிறுத்தக் கூடாது.

நீலகிரிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்று தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் குன்னூரில் 1907 முதல் இருக்கிறது. நாய் கடித்தால் வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, ஊசிக்கு ஓடுகிறோம். எச்.ஐ.வி.யிலும் தொற்றியிருக்கக்கூடிய சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் போனால் 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. உங்கள் மனைவிக்கு அது என்றாவது தேவைப்படலாம், இருவரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய நெகட்டிவ் நல்ல செய்தி, ஆனால் ஒரு தடவை போதாது. கடைசியாக ஆணுறை இல்லாமல் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அதுவரை மட்டுமல்ல, உங்கள் வைரஸ் அளவு 'கண்டறிய முடியாத' நிலைக்கு வந்ததாகப் பரிசோதனை சொல்லும்வரை ஆணுறை கட்டாயம். அந்த நிலைக்கு வந்து அப்படியே இருந்தால் உடலுறவில் அவருக்குத் தொற்றாது. இதற்கு அடித்தளம் போட்ட ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 ஜோடிகளில் சென்னை, புனே ஜோடிகளும் இருந்தார்கள். சீக்கிரம் மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011இல் அறிவித்தார்கள்.

தொடங்கும் முன் காசநோய், மஞ்சள் காமாலை பி, சிறுநீரகம் மூன்றையும் பார்ப்பார்கள். நாள்பட்ட இருமல் இருந்தால் மறைக்காதீர்கள். டாலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை தருவார்கள். முதல் சில வாரம் தலைவலி, தூக்கக் குறைவு இருக்கலாம், ராத்திரி வண்டி ஓட்டுகிறவர் நீங்கள், கவனம். வயிற்றெரிச்சலுக்கு வாங்கும் அமில மாத்திரை, இரும்பு, கால்சியம் எதையும் கேட்காமல் இதோடு சேர்த்து விழுங்காதீர்கள்.

ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கோவை மையத்தில் பதிவதானாலும் சரி. உங்கள் நிலையைச் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடும் என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். உடம்பு நிலைப்பட்டதும் மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துத் தரச்சொல்லிக் கேளுங்கள். டப்பாவுக்குள் கிடக்கும், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது உள்ளேயே இருக்கட்டும்.